படகுத்துறை விளக்கும் பொந்துக்குருவிகளும்

பாடப்புத்தகத்தில் ‘நம்மைச் சுற்றியுள்ள பறவைகள்’ என்று ஒரு பாடம் இருந்தது. கிளி, மரங்கொத்தி, ஆந்தை, கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிற ஒரு வாத்து. தீவிலோ மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இடுப்புக்கு மேல் எது வளர்ந்தாலும் காற்று பிடுங்கி எறிந்துவிடும். டீச்சர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்தபோது முன்வரிசையில் ஒரு கை எழுந்தது.

“டீச்சர், இதுல ஒண்ணுகூட நம்மளைச் சுத்தி இல்லையே?”

கேட்டது கேள்விக்குறி. பிள்ளைகள் வைத்த பெயர். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து கேள்வியைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை என்பதோடு, கேட்கும்போது கழுத்தைச் சாய்த்து முதுகை வளைத்து அந்தக் குறி மாதிரியே நிற்பாள். டீச்சருக்கு அவள் அன்னியமில்லை, கொழுந்தனாரின் மகள். ஒரே கூரைக்குக் கீழ் இருப்பவர்கள்தான். வீட்டில் ‘பெரியம்மா’, பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ‘டீச்சர்’. ஒருநாள்கூட அவள் அதை மாற்றிக் கூப்பிட்டதில்லை.

அவளுடைய அப்பாவின் படகு, மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம், துறையின் வாயிலிருக்கும் பாறையில் மோதி உடைந்தது. அன்றைக்குத் துறையில் விளக்கு கிடையாது. எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் பாறை என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கேள்விக்குறி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், அவ்வளவுதான். இப்போது இத்தனை காலம் கழித்து அந்தக் கழுத்து சாய்ந்ததைப் பார்த்ததும் டீச்சருக்குக் கை கால் ஓடவில்லை. புத்தகத்தை மூடி மேஜை டிராயருக்குள் தள்ளினாள்.

“சரி, எந்திரிங்க. நம்மளைச் சுத்தி என்ன இருக்குன்னு போய்ப் பாப்போம்” என்றாள்.

டீச்சர் அப்படித்தான். முதலில் வாய், பிறகு கால், கடைசியாகத்தான் யோசனை. அக்கரை ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். தீவுக்கு வந்த புதிதில் காற்றின் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தவள். கடற்பறவைகளைப் பற்றி அவளுக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அக்கரைக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் ஒரு பறவைப் புத்தகம் வாங்கிவந்து படித்தாள். விட்ட இடத்தைப் புருஷனிடம் கேட்டுக்கொண்டாள். முதல்நாள் ராத்திரி படித்ததை மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்களில்லை. அவள் ஆலா என்று காட்டினால், அது ஆலா இல்லை, கடற்காகத்தின் குஞ்சு என்று திருத்தினார்கள். நீர்க்காகம் பாறைமேல் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்த்து, மழைக்காலத்தில் அம்மா துணி உலர்த்துவது போல இருக்கிறது என்று சிரித்தார்கள். தீவின் பின்பக்கச் செங்குத்துப் பாறைமேல் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டிக் கீழே பார்ப்பதுதான் அவர்களுடைய வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் கயிறு. கயிற்றின் மறுமுனை டீச்சர் கையில். காற்று அடிக்கிற அடியில் அவள் பாடம் நடத்துவது நாலு பிள்ளைகளுக்குக் கேட்கும், மற்றதுகள் இவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

அந்தப் பாறைச் சரிவில் மண்ணைத் தோண்டிக் குடியிருப்பவைதான் பொந்துக்குருவிகள். பெயர்தான் குருவி, ஆள் புறா அளவு இருக்கும். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. பகலில் கண்ணிலேயே படாது. தாயும் தகப்பனும் நாள் முழுக்க நடுக்கடலில் கிடந்து, இருட்டியதும் வந்து குஞ்சுக்கு ஊட்டிவிட்டு, விடிவதற்குள் போய்விடும். பொந்துக்கு ஒரே ஒரு குஞ்சு. அது தின்று தின்று பஞ்சுப் பொதி மாதிரி ஊதிப்போகும்.

காற்று திசை மாறத் தொடங்கிய ஒருநாள், டீச்சர் அதன் கதையின் கடைசிப் பகுதியைச் சொன்னாள். குஞ்சு நன்றாகக் கொழுத்ததும் தாயும் தகப்பனும் வருவதை நிறுத்திவிடும். குஞ்சு பசியோடு சில நாள் காத்திருக்கும். பிறகு தானாகவே பொந்து வாசலுக்கு வந்து இறக்கையை அடித்துப் பார்க்கும். ஓர் இருட்டில் தனியாகக் கிளம்பிக் கடலுக்குப் போய்விடும்.

சொல்லிக்கொண்டு வரும்போதே டீச்சர் சட்டென்று நிறுத்தினாள். யார் எதிரில் இதைச் சொல்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் கேள்விக்குறி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கழுத்து மட்டும் சாய்ந்தது.

“அதுக்கு வழி யாரு காட்டுவாங்க?”

“யாரும் காட்ட வேணாம். இருட்டுல தரையை விடக் கடல்தான் கொஞ்சம் வெளிச்சமா இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பாத்து அதுவே போயிடும்.”

கேள்விக்குறி துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “நம்ம துறை லைட்டு கடலை விட வெளிச்சமாச்சே டீச்சர்?” என்றாள்.

டீச்சர் அதை யோசித்ததே இல்லை. யோசித்திருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்ததைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருந்தாள். “ஆமா. விளக்கைக் கடல்னு நெனச்சு அங்க வந்து விழுந்துடும். தட்டைத் தரையிலேருந்து அதுக்கு எழும்பத் தெரியாது” என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “இந்தப் பருவம் மட்டும் அணைச்சு வெச்சா நேரா கடலுக்குப் போயிடும்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

துறையின் விளக்கு சாதாரண விளக்கில்லை. டீச்சரின் புருஷன் அலைந்து வாங்கியது. தம்பியைக் கரையில் கொண்டுவந்து கிடத்திய மறுவாரமே அக்கரைக்குப் போய் ஒவ்வோர் ஆபீஸ் வாசலாக நின்றார். கம்பத்தைப் படகில் ஏற்றி, தோளில் சுமந்து, குழி வெட்டி நட்டது வரை அவர் கைதான். ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுவதும், பொழுது சாயும்போது விளக்கைப் போடுவதும், விடிந்ததும் அணைப்பதும் அவர் வேலை. அதற்கு முன்னால் படகு என்ஜின் மெக்கானிக்காக இருந்தவரை ஊர் இப்போது லைட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. கம்பத்தில், ஆள் உயரத்தில், தம்பியின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தார். வருஷா வருஷம் அதன்மேல் புதிதாக இழுத்துவிடுவார்.

மறுநாள் காலையே பிள்ளைகள் துறைக்குப் போய்விட்டார்கள். டீச்சர் பின்னாலேயே ஓடினாள். ஐஸ் உடைக்கிற கொட்டகைக்குப் பின்னால், டீசல் பீப்பாய்களின் இடுக்கில், சுருட்டிப்போட்ட வலைகளுக்குள் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடந்தன. அட்டைப் பெட்டிகளில் எடுத்துப்போட்டு, பின்பக்கப் பாறைக்குத் தூக்கிப் போனார்கள். உள்ளங்கையில் வைத்துக் காற்றுக்கு எதிராக நீட்டினால், ஒன்று கையை விட்டுப் போகாமல் நகத்தால் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று போகிற போக்கில் நாற்றமடிக்கும் எண்ணெயைச் சட்டைமேல் கக்கிவிட்டுப் போகும். அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தாய்மார்கள் டீச்சரை வழியில் மறித்துச் சண்டைக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்கு அதுவே பெருமையாகிவிட்டது. யார் சட்டை அதிகம் நாறுகிறது என்று போட்டி.

விழுவதில் ஏறக்குறைய எல்லாமே உயிரோடுதான் இருக்கின்றன என்பதைப் பார்த்து டீச்சருக்கு மனசு சமாதானமாக இருந்தது. நம் துறையில் வண்டி போக்குவரத்து குறைவு, அதனால் அடிபடுவதில்லை என்று பிள்ளைகளிடம் விளக்கமும் சொன்னாள்.

கேள்விக்குறிக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. ஒருநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, மீனில் முள் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“பெரியப்பா, குஞ்சு எல்லாம் போற வரைக்கும் லைட்டை அணைச்சு வெச்சா என்ன?”

லைட்டுக்காரர் சாப்பிட்ட கையை அப்படியே வைத்தார். பரிமாறிக்கொண்டிருந்த சின்னவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சின்னவள் என்றால் அந்த வீட்டின் இளைய மருமகள், கேள்விக்குறியின் அம்மா. துறையின் மீன் கொட்டகையில் வேலை பார்க்கிறவள். உப்பும் ஐஸும் தின்ற விரல்கள். புருஷன் போனபின் அவள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

“இதையும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாக்கா?” என்றாள்.

டீச்சர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். லைட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். ஜெனரேட்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அன்றைக்கு ஜெனரேட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் யார் மேலும் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் ஒருவரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. டீச்சர் பெருக்கின இடத்தையே பெருக்கினாள். காய்ந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். புருஷனிடம் பேச்செடுக்கப் போனால் அவர் ஸ்பேனரோடு வெளியே கிளம்பினார். ஒருதடவை மட்டும் நின்று, “நான் அந்த லைட்டைக் கேட்டது பறவைக்காக இல்ல” என்றார். அவள் தலையாட்டினாள். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

அந்த வாரக் கடைசியில் மூடுபனி இறங்கியது. லைட்டுக்காரர் பொழுதோடு விளக்கைப் போட்டுவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அடுக்களை ஜன்னல் வழியாகத் துறை விளக்கின் மஞ்சள் எதிர்ச் சுவரில் விழும். அவர் எப்போதும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார், பழக்கம். டீச்சர் டம்ளரை எடுக்கக் குனிந்தபோது சுவர் கறுத்தது.

அவர் செருப்புப் போடாமலே ஓடினார். டீச்சர் பின்னால் ஓடினாள். இறக்கத்தில் இரண்டு தடவை விழுந்தாள். பனிக்குள்ளிருந்து ஓர் என்ஜின் சத்தம் ஒரு பக்கம் கேட்டு, நின்று, வேறு பக்கம் கேட்டது. பெரிய படகுக்காரரின் படகு, தீவிலேயே பெரியது, இன்னும் வந்து சேரவில்லை என்று யாரோ கத்தினார்கள். பிறகு மரம் கல்லில் உரசுகிற சத்தம். விளக்கு திரும்ப எரிந்தபோது படகு பாறையை ஒட்டி, ஒரு பக்கம் பலகை பெயர்ந்து, கயிறு வீசும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இழுத்துக் கரை சேர்த்தார்கள். ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

விளக்கின் சுவிட்ச் இருக்கும் தகர அறைக்குள் கேள்விக்குறி நின்றுகொண்டிருந்தாள். லைட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்திருந்தார். அடிக்கவில்லை.

“எல்லாப் படகும் வந்துடுச்சுன்னு நெனச்சேன் பெரியப்பா” என்றாள் அவள். “பாத்துட்டுத்தான் அணைச்சேன்.”

அக்கரையிலிருந்து ரிப்பேருக்கு வந்த படகு ஒன்று துறையில் கட்டியிருந்தது. பனியில் அதைப் பெரிய படகுக்காரருடையது என்று எண்ணிவிட்டாள்.

பெரிய படகுக்காரர் கரையில் நின்று போட்ட சத்தம் தீவின் மறுகோடி வரை கேட்டிருக்கும். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மீன் பிடிக்கிறவன் பிள்ளைக்குப் பறவைப் பாடம் எதற்கு, உயிர் போயிருந்தால் எந்தக் குருவி வந்து சோறு போடும் என்று கேட்டார். டீச்சர் கைகட்டி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சின்னவள் மகளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஈரத்துணியை மாற்றினாள். அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

சாமான் படகு வரும் நாளில் கிளம்புவதாகவும், அக்கரையில் அண்ணன் வீட்டில் இருந்துகொள்வதாகவும் சொன்னாள். டீச்சர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். தப்பு தன்னுடையது, பிள்ளை மேல் ஒன்றுமில்லை என்றாள். சின்னவள் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், “உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. இவளுக்கு இந்தக் கடல் வேணாம்னு பாக்கறேன்” என்றாள்.

அந்த ராத்திரி டீச்சர் படுத்தாளே தவிரத் தூங்கவில்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கியதுமே எழுந்தாள். சின்னவள் அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். டீச்சரும் துறைக்கு நடந்தாள். கொட்டகையில் மற்றப் பெண்கள் வருவதற்கு முன்னால் சின்னவளைத் தனியாகப் பிடித்துப் பேசிவிட வேண்டும் என்று எண்ணம். என்ன பேசுவது என்று தெரியாது.

சின்னவள் கொட்டகையில் இல்லை. துறையின் நீளத்துக்கும் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் மீன் கூடை, இன்னொரு கையில் தகர வாளி. பீப்பாய்க்குப் பின்னால் கையை விட்டு ஒரு குஞ்சை எடுத்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது துள்ளியது. வலைச் சுருளுக்கு அடியில், பிள்ளைகள் கண்ணில் படும்படியாக அதைப் பதுக்கி வைத்தாள். அடுத்ததைக் கம்பத்தின் அடியிலிருந்து எடுத்தாள். அதன் தலை தொங்கியது. வாளியில் போட்டாள்.

டீச்சர் பக்கத்தில் போய் வாளிக்குள் பார்த்தாள். வாளியின் அடி தெரியாதபடி செத்த குஞ்சுகள். கம்பிகளில் மோதியவை, பூனை கடித்தவை, வண்டிச் சக்கரம் ஏறியவை.

உயிருள்ளவை மட்டுமே பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. பாறைமேல் நின்றுகொண்டு தான் கொடுத்த விளக்கமெல்லாம் ஞாபகம் வந்தது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“எப்பலேருந்து இதைப் பண்ணிட்டிருக்கே?” என்றாள்.

“லைட்டு வந்த வருஷத்துலேருந்து.” சின்னவள் குனிந்தபடியே பேசினாள். “மொதல்ல எல்லாத்தையும் கடல்ல போட்டுடுவேன். பசங்க வர ஆரம்பிச்சப்புறம் உசிரோட இருக்கறதை விட்டு வெக்கறேன்.”

“ஒரு வார்த்தை சொல்லலையே.”

சின்னவள் வாளியைக் கீழே வைத்தாள். கம்பத்தைக் கண்ணால் காட்டினாள்.

“அதுல அவரு பேரு இருக்கு. அவரு பேருக்குக் கீழ தெனமும் செத்துக் கெடக்குதுன்னு மாமாகிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்? அந்தக் கம்பத்தைத் தூக்கி மாமா தோள்ல வந்த புண்ணுக்கு நான்தான் மருந்து போட்டேன்.”

ஐஸ் கொட்டகையில் மெஷின் உறுமத் தொடங்கியது.

“என் பொண்ணு ஒரு தடவை பாத்துட்டா, கரையில கொண்டாந்து கெடத்துனதை” என்றாள் சின்னவள். “அது போதும் அவளுக்கு.”

டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பீப்பாய் வரிசையின் மறுபக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தாள். ஒன்று கிடைத்தது. இறக்கை உடைந்து, கண் திறந்தபடி இருந்தது. அதை வாளியில் போடக் கை வரவில்லை. சின்னவள்தான் வாங்கிப் போட்டாள். துறையின் கடைசிக்குப் போய் வாளியைக் கவிழ்த்தார்கள். அலை எல்லாவற்றையும் உடனே இழுத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரம் சுவரோரமாகவே ஆட்டிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் ஐஸ் கொட்டகையில் ஊர் கூடியது. ஆண்கள் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வேலை நின்ற பெண்கள் ஏப்ரனோடு வாசலில் நின்றார்கள். பெரிய படகுக்காரர் முதல் நாள் அளவுக்குச் சத்தம் போடவில்லை. தூங்காத கண். பறவைப் பாடத்தை நிறுத்த வேண்டும், சுவிட்ச் அறைக்குப் பூட்டுப் போட வேண்டும், இரண்டே விஷயம்தான் என்றார். பலரும் தலையாட்டினார்கள். லைட்டுக்காரர் பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடையிலிருந்து வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.

டீச்சர் எழுந்தாள். வழக்கத்துக்கு மாறாக யோசித்துவிட்டு வந்திருந்தாள். விளக்கை அணைத்தால் குஞ்சுகள் பிழைக்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னது தான்தான், அதோடு விளக்கு எதற்காக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள். தோள் இறங்கியவனிடம் தனியாகவும் மன்னிப்புக் கேட்டாள். பாடத்தை நிறுத்துவதாக மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. பெரிய படகுக்காரர் அதைக் கவனித்துவிட்டார். மறுபடி ஆரம்பிக்கப்போனார்.

“பூட்டுப் போடுங்க” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. “சாவியை என்கிட்ட குடுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். சின்னவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். எந்தப் படகு வந்தாலும் அதன் மீன் அவள் மேஜைக்குத்தான் வருகிறது. எது வந்தது, எது வரவில்லை என்று அவளை விட யாருக்குத் தெரியும்? கடைசிப் படகின் மீன் கைக்கு வந்தபிறகு விளக்கை அணைக்கிறேன். சுவிட்ச் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஓர் என்ஜின் சத்தம் கேட்டாலும் போடுகிறேன். பனி இறங்கின நாளில் கையே வைக்கமாட்டேன். குஞ்சுகள் போய் முடியும் வரைக்கும்தான்.

பெரிய படகுக்காரர் கோபத்தை மறந்து அவளையே பார்த்தார்.

“உன் புருஷனுக்காக வந்த லைட்டும்மா அது” என்றார். “நீயே அணைக்கணும்னு கேக்கறியா?”

“அதனாலதான் கேக்கறேன். வேற யாராச்சும் கேட்டிருந்தா நானே விட்டிருக்க மாட்டேன்.”

பிறகு மூத்தாரின் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தை நேராகப் பார்க்காமல், மடியில் இருந்த பூட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“மாமா, காலையில ஒரு நாள் என்கூட வாங்க. வாளியைக் காட்டறேன்.”

என்ன வாளி என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. லைட்டுக்காரருக்கும் புரிந்திருக்காது. ஆனால் அவள் தன்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும். சோறு போதுமா என்று கேட்டால்கூடப் போதும் என்றே சொல்லிப் பழகியவள். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சாவியைக் கழற்றிப் பக்கத்துப் பெட்டிமேல் வைத்தார்.

“ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான்” என்றார். குரல் பிசிறடித்தது. “அதுக்கு மேல என்னால முடியாது. நான் வந்து போட்டுடுவேன்.”

பெரிய படகுக்காரருக்கு முழுச் சம்மதமில்லை. ஆனாலும், அவர்கள் வீட்டு விளக்கு, அவர்கள் வீட்டுத் துக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். பறவைப் பாடத்தைப் பற்றி மறுபடி யாரும் பேச்செடுக்கவில்லை.

சாமான் படகு வந்தது. சின்னவள் பெட்டி அலமாரியோரம் கட்டினபடியே இருந்தது. குஞ்சுகள் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். அப்புறம் என்றால் எப்போது என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று நாக்கு துடித்தது. அந்த ஒரு தடவை அடக்கிக்கொண்டாள்.

அன்று பனி இல்லை. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. சின்னவள் மீனைத் தரம் பிரித்துப் போட்டுக்கொண்டே ஒவ்வொரு படகின் பெயரையும் சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் நின்ற கேள்விக்குறி அதைத் திருப்பிச் சொன்னாள். ரிப்பேருக்கு வந்த படகை விட்டுவிடவில்லை, அதையும் சொன்னாள். கடைசியாக வந்தது பெரிய படகுக்காரருடையது. பலகையில் புது ஒட்டுப் போட்டிருந்தது. அவர் இறங்கி, “நாந்தான் கடைசி” என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனார்.

பொழுது நன்றாகச் சாய்ந்திருந்தது. சின்னவள் தகர அறைக்குள் போனாள். சுவிட்சில் கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். லைட்டுக்காரர் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் உள்ளே போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. யார் எங்கே என்று தெரியவில்லை. பிறகு அலையின் சத்தம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. பிறகு கடல், தகரத்தை விரித்த மாதிரி, மெதுவாக வெளுத்தது. கரையில் கிடந்த கயிறு, பீப்பாய், கம்பம் எல்லாம் கறுப்பாக எழுந்து நின்றன.

நால்வரும் கவிழ்த்துப்போட்ட பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். லைட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து துறை நுனிவரை போய்க் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு வந்தார். உட்கார்ந்தார். திரும்ப எழுந்தார். தகர அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை. நேரம் ஆகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு குருவியும் வரவில்லை. டீச்சருக்குப் பயம் வந்துவிட்டது. புத்தகத்தில் இருந்தது தப்பாகப் போய்விட்டால்?

“வராதா பெரியம்மா?” என்று கேள்விக்குறி மெல்லக் கேட்டாள்.

“தெரியலடா” என்றாள் டீச்சர்.

பின்பக்கப் பாறையிலிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது. இன்னொன்று. பிறகு தலைக்கு மேலே, மிகத் தாழ்வாக, ஏதோ காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்னவள் தலைமயிர் மட்டும் ஒரு பக்கமாக அசைந்தது. அதன் பின்னால் இன்னொன்று போனது. எதுவும் தரையில் விழவில்லை. லைட்டுக்காரர் கழுத்தைத் திருப்பி, அவை போன திக்கில், கடலைப் பார்த்தார். மேலே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. வெளுத்த தண்ணீருக்கு எதிரே ஒரு கணம் இறக்கை தெரிந்தது, உடனே காணாமல் போனது.

“போச்சா?” என்று கேள்விக்குறி கேட்டாள்.

“போச்சு” என்றாள் சின்னவள்.

மேட்டில் வீடுகளில் பாத்திரச் சத்தம் கேட்க ஆரம்பித்து, அதுவும் ஓய்ந்துவிட்டது. டீச்சர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். சொன்ன நேரம் ஆகிவிட்டது. அவர் எழுந்து சுவிட்சுக்குப் போவார் என்று காத்திருந்தாள். அவர் அசையவில்லை.

“சாப்பாடு ஆறுது” என்றாள் அவள்.

லைட்டுக்காரர் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஆறட்டும்” என்றார்.